டைல்ஸ் முடிகிற இடம்

வீடு கட்டுவோர் கேள்வி பதில்

போன இதழில் டைல்ஸ் பசையைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் கூடுதலானவை அடுத்த சங்கடத்தைக் கேட்கின்றன: டைல்ஸ் முடிந்து வேறு நிலம் தொடங்குகிற விளிம்பில் என்ன வைப்பது? கடையில் "டைல்ஸ் பீடிங்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அலுமினியத்திலோ பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ செய்த மெல்லிய நீளச் சட்டம் அது. ஓட்டைகள் போட்ட அதன் தகட்டுக்கால் டைல்ஸுக்கு அடியில் பசைக்குள் புதையும். மேல் விளிம்பு மட்டும் ஒரு கோடாக வெளியே தெரியும்.

கேள்வி: எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. நிலம் முழுக்கச் சீமெந்து. கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் முன் ஹோலுக்கு மட்டும் சீமெந்துக்கு மேலேயே இரண்டடி டைல்ஸ் போட்டோம். இப்போது ஹோலுக்கும் அறைக்கும் இடையில் கதவடியில் ஒரு திட்டு நிற்கிறது. அளந்து பார்த்தால் 14 மில்லிமீற்றர். அப்பாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார். பீடிங் ஒன்று ஒட்டினால் சரிவரும் என்கிறார் மேசன். எந்தப் பீடிங் வாங்க வேண்டும்?
– வாசகி, வட்டக்கச்சி

பதில்: தங்கச்சி, பீடிங்கைப் பிறகு பார்ப்போம். இன்றைக்கே அந்தத் திட்டின் விளிம்பு நீளத்துக்கு மஞ்சள் நிற ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிடுங்கள். ஒரே நிறத்தில் கிடக்கிற இரண்டு நிலத்துக்கு நடுவில் இருக்கும் திட்டு கண்ணுக்குத் தெரியாது. திருத்தம் முடியும் வரைக்கும் அப்பாவின் கண்ணுக்காவது அது தெரியட்டும்.

அப்பா கவனமில்லாமல் நடக்கிறார் என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. நாம் நடக்கும்போது காலை முன்னே வீசுகிற நடுவில் கால்விரல் நுனிக்கும் நிலத்துக்கும் இடையில் இருப்பது ஒன்று, ஒன்றரை சென்றிமீற்றர்தான். நல்ல கால் என்றால் கணுக்கால் தானாக மடங்கிப் பாதத்தை மேலே தூக்கிக்கொள்ளும். வழக்கமான செயற்கைக் காலின் பாதம் அப்படி மடங்காது. இடுப்பையும் முழங்காலையும் கொண்டுதான் காலைத் தூக்கி வைக்க வேண்டும். களைத்த நேரத்திலும் இருட்டிலும் அந்த உயரம் இன்னும் குறையும். உங்கள் 14 மில்லிமீற்றர் சரியாக அந்த இடைவெளிக்குள் வந்து நிற்கிறது.

இதை நான் படித்து அறியவில்லை. டோகாவில் எட்டு வருடம் டைல்ஸ் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, தருமபுரத்தில் அக்காவின் வீட்டுக்கு என் கையாலேயே டைல்ஸ் பதித்தேன். அக்காவுக்கும் ஒரு கால் செயற்கைக் கால். குசினி வாசலில் 12 மி.மீ. பித்தளைப் பீடிங் வைத்தேன். நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு, பார்க்க அவ்வளவு வடிவு. அடுத்த கிழமையே அக்கா சோற்றுப் பானையோடு அதில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நான் கோட்டைப் பார்த்தேன், அதைத் தாண்டப் போகிற காலைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அளவு நாடாவை எடுக்க முதல், "இதில் நடக்கப்போகிறது யார் யார்?" என்று கேட்கிறேன். வன்னியில் இந்தக் கேள்விக்கு எத்தனையோ வீடுகளில் ஒரே மாதிரியான பதில் வரும்.

சரி, உங்கள் மேசன் சொன்ன பீடிங். அவர் நேர் விளிம்புப் பீடிங்கைச் சொல்கிறார் என்றால், அது டைல்ஸின் விளிம்பை உடையாமல் காக்கும், அவ்வளவுதான். திட்டு அப்படியே நிற்கும். சாய்வுப் பீடிங்கைச் சொல்கிறார் என்றால் அதன் அகலத்தைக் கேளுங்கள். 14 மி.மீ. உயரத்தை 30 மி.மீ. அகலத்துக்குள் இறக்கினால் அது கூரை மாதிரிச் செங்குத்தாக இருக்கும். அமெரிக்க அணுகல் விதியில் இதற்கு ஒரு தெளிவான கணக்கு உண்டு. 6.4 மி.மீ. வரை நேர்த்திட்டு இருக்கலாம். அதிலிருந்து 12.7 மி.மீ. வரை, உயரத்தைப் போல் இரண்டு மடங்கு அகலத்தில் சரித்துவிட வேண்டும். அதற்கும் மேலே போனால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சாய்தளம் வேண்டும். நம் நாட்டிலும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. அவை பொதுக் கட்டடங்களுக்கானவை, வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அப்பா நாளெல்லாம் நடப்பது வீட்டுக்குள்தானே. ஆகவே பெரிய கணக்கையே எடுப்போம். 14 ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 168 மி.மீ., ஏழு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏழு அங்குலத்தை அறைப்பக்கம் சீமெந்தால் சரித்து எடுக்க வேண்டும். மேசனிடம் இப்படிச் சொல்லுங்கள். டைல்ஸ் விளிம்பிலிருந்து ஏழு அங்குலம் தள்ளிப் பழைய நிலத்தில் கோடு போட்டு, கிரைண்டரால் 10 மி.மீ. ஆழத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டிய கோட்டுக்கும் டைல்ஸுக்கும் இடைப்பட்ட பழைய பூச்சைக் கொத்திவிட வேண்டும், கோட்டுப் பக்கம் முழு ஆழத்துக்கும். இதைச் செய்யாமல் வழுவழுப்பான நிலத்தில் மெல்லிசாகச் சாந்தை இழுத்துவிட்டால், கீழ் விளிம்பு அப்பளம் போல ஒரு மாதத்துக்குள் பெயர்ந்து வரும். வெட்டின இடத்தில் 10 மி.மீ. தடிப்புக் கிடைப்பதால்தான் அந்த விளிம்பு உயிரோடு இருக்கும். தூசியைத் தும்புத்தடியால் கூட்டிக் கழுவி, நிலம் ஈரமாக இருக்கும்போதே சீமெந்துப் பாலைத் தேய்த்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையால் நிரப்பட்டும்.

டைல்ஸ் ஏற்கெனவே பதித்தாயிற்று, கால் உள்ள பீடிங்கை இனி அடியில் நுழைக்க முடியாது. டைல்ஸின் கூர் விளிம்பைக் கல்லால் லேசாகத் தேய்த்துவிட்டு, சாய்தளத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளி விட்டு, காய்ந்த பிறகு அதைச் சிலிக்கோனால் நிரப்பினால் போதும். உங்கள் வீட்டுக்கு உலோகமே தேவையில்லை. பீடிங்கைப் பற்றிக் கேட்டவருக்குப் பீடிங் வேண்டாம் என்று சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், மிச்சக் காசில் கதவைப் பாருங்கள்.

கதவு அறைப்பக்கம் திறக்கிறதா? அப்படியென்றால் சாய்தளம் அதன் அடியில் இடிக்கும். கலவை போட முதலே ஓடாவியைக் கூப்பிட்டுக் கதவின் அடியைச் சீவி எடுங்கள். சாய்தளத்தை மரத்தட்டால் தேய்த்துச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள், சீமெந்து தூவி மினுக்க வேண்டாம். ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். முதல் மூன்று நாளும் அப்பா வேறு வாசலால் போய் வரட்டும்.

கேள்வி: விறாந்தை ஓரத்துக்கு வைத்த அலுமினியப் பீடிங், ஒரு வருடம்கூட ஆகவில்லை, வெள்ளைப் பூப்பூத்துத் தொட்டால் மாவாக வருகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும்.
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. இரும்பு மாதிரிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனேயே ஒரு மெல்லிய தோல் உண்டாகி அதைக் காக்கிறது. அந்தத் தோலுக்கு மூன்று எதிரிகள்: காரம், அமிலம், உப்பு. உங்கள் விறாந்தையில் மூன்றுமே இருந்திருக்கலாம்.

காரம் என்பது ஈரச் சீமெந்து. பசையோ, டைல்ஸ் இடைவெளிகளை நிரப்புகிற கிரவுட்டோ பீடிங்கின் மேல் பட்டு அப்படியே காய்ந்தால் தோலைத் தின்றுவிடும். அதைவிடப் பீடிங்கின் அடியில் பசை நிரம்பாமல் வெற்றிடம் இருந்தால் இன்னும் மோசம். மாரி மழைத் தண்ணீர் அதற்குள் தேங்கிச் சீமெந்தோடு ஊறிக் காரத் தண்ணீராக நிற்கும். வெளியே நீங்கள் துடைத்தாலும் உள்ளே தின்றுகொண்டிருக்கும். அமிலம் என்பது வேலை முடிகிற நாளில் சீமெந்துக் கறை போக என்று ஊற்றுகிற ஆசிட். உங்கள் வீட்டிலும் ஊற்றினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தையும் கெடுக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் கெடுக்கும், கிரவுட்டையும் கரைக்கும். டைல்ஸ் மட்டும் பளபளப்பாக இருப்பதால் வேலை சுத்தம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பீடிங் உள்ள இடத்தில் ஆசிட் போத்தலைத் திறக்கவே விடக்கூடாது என்பது என் பிடிவாதம். உப்பைப் பற்றி முல்லைத்தீவில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிடுங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, கழுவி விட்டாலே வெள்ளையாகப் படியும். தேசிக்காய்ப் பாதியால் ஒரு இடத்தைத் தேய்த்து இரண்டு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வெள்ளை கரைந்து உலோகம் வழுவழுப்பாக வந்தால் அது சுண்ணாம்புப் படிவு, பீடிங் நல்லாகத்தான் இருக்கிறது. கீழே சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் உலோகமே போகத் தொடங்கிவிட்டது.

மாற்றுவதென்றால் 316 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். வழக்கமாகக் கிடைப்பது 304. அதில் குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம் அளவில் இருக்கும். 316 இல் இவற்றோடு 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்த்திருப்பார்கள், கடல் உப்பைத் தாங்குவது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கலாம் என்று ஒரு கதை ஊரெல்லாம் ஓடுகிறது. 304, 316 இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாது, தரம் குறைந்த வேறு சிலதும் ஒட்டாது. ஆகவே பலமாக ஒட்டினால் வாங்க வேண்டாம், ஒட்டாவிட்டால் அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்கவும் வேண்டாம். பொதியில் அச்சிட்ட தர எண்ணைப் பாருங்கள், பற்றுச்சீட்டிலும் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். விலை கூடத்தான். விறாந்தை ஓரத்துக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு உள் அறைகளுக்கு நிறம் ஏற்றிய நல்ல அலுமினியம் போடலாம். 316 ஆனாலும் இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும், உப்பு படிந்தே கிடந்தால் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு ஏறும்.

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் டைல்ஸ் வேலை பழகி இரண்டு வருடம். பீடிங் வைக்கிற இடத்தில்தான் எனக்கு வேலை கோணுகிறது. சில இடத்தில் பீடிங் டைல்ஸை விட உயர்ந்து நிற்கிறது, சில இடத்தில் ஆடுகிறது. எந்த ஒழுங்கில் செய்வது?
– வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, நீ கடைசி வரிசைக்கு வந்த பிறகு பீடிங்கை யோசிக்கிறாய் போலத் தெரிகிறது. அங்கேதான் கோணல். முதல் டைல்ஸை வைக்க முன் பீடிங் எங்கே வரப்போகிறது என்று கோடு போட்டுவிட வேண்டும். அறை வாசல் என்றால் அந்தக் கோடு மூடிய கதவுப் பலகையின் நேர் அடியில் வர வேண்டும். அப்போதுதான் கதவைச் சாத்தினால் இந்தப் பக்கத்து நிலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. கதவுநிலையின் நடுவைப் பிடிக்காதே, பலகை எங்கே நிற்கிறது என்று சாத்திப் பார்த்துக் கோடு போடு.

பிறகு உயரம். கடையில் 8, 10, 12.5 என்று உயரம் சொல்லித் தருவார்கள். பெட்டியில் எழுதியிருக்கிற அளவை நம்பாமல் டைல்ஸ் ஒன்றை எடுத்து, அடியில் உள்ள வரிப்புடைப்பையும் சேர்த்து அள. 9 மி.மீ. டைல்ஸ் என்றால் 10 மி.மீ. பீடிங் எடு. பீடிங்கின் கால் டைல்ஸுக்கு அடியில் போகிறது, அந்தக் காலின் மேலே ஒரு பசைப் படை வேண்டும், அதற்குத்தான் அந்த மிச்சம். வேலை முடியும்போது பீடிங் டைல்ஸோடு சமமாக, அல்லது அரை மி.மீ. தாழ்வாக இருக்கலாம். உயர்ந்து மட்டும் நிற்கக்கூடாது. உயர்ந்தால் கால் தடுக்கும், தும்புத்தடி சிக்கும், கட்டில் இழுத்தால் வளையும்.

ஆடுவதற்குக் காரணம் பசை. பல் கரண்டியால் பசை இழுத்து, பீடிங்கின் காலை அதற்குள் அமுக்கு. ஓட்டைகளால் பசை பிதுங்கி மேலே வர வேண்டும். வராத இடத்தில் அடியில் பசை இல்லை என்று அர்த்தம், தூக்கிவிட்டுத் திரும்பப் போடு. பிறகு காலுக்கு மேலேயும் பசை பூசி, முழுத் துண்டு டைல்ஸை வைத்துத் தட்டு. வெட்ட வேண்டி வந்தால் வெட்டிய விளிம்பைப் பீடிங் பக்கம் திருப்பலாம், அது மறைந்துவிடும். ஆனால் டைல்ஸைப் பீடிங்கோடு முட்ட வைக்காதே. 2 மி.மீ. விட்டு அதைக் கிரவுட்டால் நிரப்பு. அந்த ஓரத்தில் இடைவெளி இல்லாத வேலைதான் பிறகு கிரீச்சென்று சத்தம் போடும், கிரவுட் பொடியாகி உதிரும்.

இன்னொன்று, வெயில் படுகிற இடத்தில் இரண்டு பீடிங் சந்திக்கும்போது நுனிகளுக்கு நடுவில் 2 மி.மீ. விடு. எட்டடி அலுமினியச் சட்டம் 30 பாகை சூடேறினால் ஒன்றேமுக்கால் மி.மீ. அளவுக்கு நீளும். டைல்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் நீளும். காலை ஆறு மணிக்கும் சித்திரை வெயில் இரண்டு மணிக்கும் விறாந்தை நிலத்தைத் தொட்டுப் பார்த்தவனுக்கு 30 பாகை என்பது பெரிய கதையில்லை. இடம் விடாவிட்டால் பீடிங் நடுவில் வில்லாக வளைந்து எழும்பும்.

வெட்டுவதற்கு நுண்பல் உள்ள இரும்பு வாளே நல்லது. கிரைண்டரால் வெட்டினால் சூட்டில் நிறப்பூச்சு கருகும். பிசிறை அரத்தால் ராவி எடு, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம். பாதுகாப்புத் தாளை கடைசி வரை உரிக்காதே. பசை பட்ட உடனே, சாப்பாட்டுக்குப் போக முதல், ஈரத் துணியால் துடைத்துவிடு. முல்லைத்தீவு வாசகருக்கு மேலே எழுதியதையும் ஒருக்கா வாசி.

கேள்வி: கதவடிக்கு மரச்சட்டம் வைத்தால் உலோகத்தை விட வடிவாக இருக்குமே?
– வாசகி, மல்லாவி

பதில்: வடிவுதான் அம்மா. ஆனால் மல்லாவியில் நிலத்தோடு படுத்திருக்கிற மரத்தைக் கறையான் எத்தனை மாரிக்கு விட்டுவைக்கும்? நிறம்தான் வேண்டும் என்றால் பித்தளை போடுங்கள். கருக்கும், புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரித் திரும்பவும் வரும். தேய்த்த பிறகு புளித்தண்ணீர் கிரவுட்டில் நிற்காமல் கழுவிவிடுங்கள்.

கேள்வி: குளியலறை வாசலில் பீடிங் வைத்தால் தண்ணீர் வெளியே வராதா?
– வாசகர், விசுவமடு

பதில்: வரும். தண்ணீரை நிறுத்துவது நிலத்தின் வாட்டம். தண்ணீர் போகும் குழியை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் வாசலில் பெரிய கட்டு எதுவும் தேவைப்படாது, வயதானவர்களும் பயமில்லாமல் போய் வரலாம்.

கேள்வி: பழைய வீட்டோடு சேர்த்து ஒரு ஹோல் கட்டி, இரண்டுக்கும் ஒரே மட்டத்தில் டைல்ஸ் போட்டோம். பழையதும் புதியதும் சந்திக்கிற கோட்டில் டைல்ஸ் வெடிக்கிறது. வெடித்ததைக் கழற்றிப் புதிது போட்டோம், அடுத்த மாரியோடு அதே இடத்தில் திரும்பவும் வெடித்துவிட்டது.
– வாசகர், முருங்கன்

பதில்: ஐயா, ஊர்ப் பெயரைப் பார்த்தவுடனே பாதி விளங்கிவிட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே களி கொடுத்த ஊர் உங்களுடையது. அந்தக் களி மாரியில் தண்ணீரைக் குடித்து ஊதும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பழைய அத்திவாரம் இருந்து பழகிவிட்டது. புதியது இன்னும் அசைகிறது. இரண்டும் வேறு வேறு கட்டடம், நடுவில் ஒரே டைல்ஸை வைத்து அவற்றை ஒட்டவைக்க முடியாது. எத்தனை தடவை மாற்றினாலும் அந்தக் கோட்டில்தான் வெடிக்கும்.

அந்தக் கோட்டை ஒத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அதன் மேல் கிடக்கிற டைல்ஸ் வரிசையைக் கழற்றி, இரண்டு பக்கமும் கோட்டோடு முடிகிற மாதிரி வெட்டிப் பதித்து, நடுவில் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிக்குள் பசையோ கிரவுட்டோ சிந்தியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், ஒரு கட்டி மிஞ்சினாலும் அது பாலம் மாதிரி நின்று அசைவைக் கடத்தும். பிறகு இடைவெளியை மூடுகிற பீடிங் வாங்குங்கள். ஒரு தண்டு கீழே இறங்கும், மேலே தட்டையான தொப்பி இரண்டு பக்கமும் படியும். தொப்பி 25 மி.மீ. அளவில் இருக்கட்டும். ஒரு பக்கத்து டைல்ஸோடு மட்டும் சிலிக்கோனால் ஒட்டுங்கள், மற்றப் பக்கம் சும்மா படிந்து கிடக்கட்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் இவ்வளவு செய்ததும் வீண்.

வேலையை ஆடி, ஆவணியில் செய்யாமல் மாரி முடிந்து நிலம் இறுகத் தொடங்கும் மாசி, பங்குனியில் செய்யுங்கள். களி நடு நிலையில் இருக்கிற காலம் அது, இடைவெளி இரண்டு பக்கமும் அசைய இடம் கிடைக்கும். ஒரு பக்கம் மற்றதை விட 3 மி.மீ. வரை தாழ்ந்துவிட்டால் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு சாய்வுப் பீடிங் போட்டுக்கொள்ளலாம், டைல்ஸைத் தொட வேண்டியதில்லை. அதைவிடக் கூடுதலாக இறங்கினாலோ சுவரிலும் அதே கோட்டில் வெடிப்பு ஏறினாலோ, நிலத்தை விட்டுவிட்டு அத்திவாரத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள்.